பேண்ட், ட்ரூப், ஆர்கெஸ்ட்ரா: என்ன வித்தியாசம்னு கேட்டவங்களுக்கு பதில்கள்

நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். மேடைல சினிமாப் பாட்டு வாசிக்கற லைட் மியூசிக் ட்ரூப்லயும் (ஊர்ல ஆர்கெஸ்ட்ரான்னு சொல்றது இதைத்தான்) இருந்திருக்கேன், சொந்தப் பாட்டு பண்ற பேண்ட்லயும் இருக்கேன். இதைப் பத்தி வந்த கேள்விகளுக்கெல்லாம் ஒரே இடத்துல பதில் போட்டுடறேன்.

அண்ணா, நாலு பேர் சேர்ந்து வாசிச்சா பேண்ட்தானே? எங்க ஊர் திருவிழாவுக்கு வர்ற ஆர்கெஸ்ட்ராவ ஏன் யாரும் பேண்ட்னு சொல்றதில்ல?

எத்தனை பேரு, என்ன வாத்தியம்ங்கறதெல்லாம் அப்புறம் தம்பி. பாட்டு எப்படி இருக்கணும்னு முடிவு பண்றது யாருன்னுதான் நான் முதல்ல பாப்பேன். திருவிழா மேடைல அந்த முடிவை மியூசிக் டைரக்டர் என்னிக்கோ எடுத்து ரெக்கார்ட் பண்ணி முடிச்சுட்டார், அதை அச்சு அசலா கொண்டு வர்றதுதான் ட்ரூப்போட வேலை, கீபோர்டுக்காரர் ஃப்ளூட் பிட் முடிஞ்ச அடுத்த செகண்டே டோன் மாத்தி வயலின் பிட்டைப் பிடிப்பார், பாடகிக்கு தொண்டை சரியில்லைன்னா அரை கட்டை இறக்கி அங்கயே வாசிப்பார், சாதாரணத் திறமை இல்ல அது. ஆனா ட்ரம்மருக்கு காய்ச்சல்னா இன்னொரு ட்ரூப்லேர்ந்து ஆள் கூப்பிட்டுக்கலாம், கச்சேரி நிக்காது, கீழ உக்காந்து கேக்கறவங்களுக்கும் வித்தியாசம் தெரியாது. பேண்ட்ல ட்ரம்மர் மாறினா பாட்டோட நடையே மாறிடும், ஏன்னா அந்தப் பாட்டு உருவானதே அந்த ஆளோட கையை வெச்சுத்தான்.

அப்ப சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா? அதுல அத்தனை பேரும் பெரிய வித்வான்கள்தானே சார்?

வித்வான்கள்தான், சந்தேகமே இல்ல. ஆனா வாசிக்க வேண்டியது முழுக்க நொட்டேஷன்ல, அதாவது பேப்பர்ல எழுதி வெச்ச ஸ்வரக் குறிப்புல இருக்கு. வேகம் எவ்வளவு, எங்க சத்தம் குறையணும்ங்கறதை முன்னாடி நின்னு கையசைச்சு நடத்தற கண்டக்டர் பாத்துப்பார். முதல் வயலின் வரிசைல பத்துப் பதினாலு பேர் ஒரே வரியைத்தான் வாசிப்பாங்க, வில்லு மேல போகணுமா கீழ வரணுமான்னுகூட முன் சீட்டு வயலின்காரர் முடிவு பண்ணிடுவார், மத்தவங்க பென்சிலால பேப்பர்ல குறிச்சுக்குவாங்க. 2025 மார்ச் 8 அன்னிக்கு லண்டன்ல இளையராஜா சாரோட சிம்பொனிய ராயல் பில்ஹார்மானிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா வாசிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். படைப்பு அவரோடது, வாசிப்பு அவங்களோடது. அதே ஆர்கெஸ்ட்ரா இன்னொரு நாள் வேற ஒருத்தரோட இசையை அதே அக்கறையோட வாசிக்கும். லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 1904ல ஆரம்பிச்சது, அன்னிக்கு இருந்தவங்க ஒருத்தரும் இன்னிக்கு இல்ல, ஆனாலும் அது அதே ஆர்கெஸ்ட்ராதான்.

கர்நாடகக் கச்சேரியும் நாலு பேர்தான். அது பேண்ட் இல்லையா?

இல்லைங்க. இன்னிக்குப் பாடகரோட உக்காந்த மிருதங்கக்காரர் நாளைக்கு வேற சபால வேற பாடகருக்கு வாசிப்பார், பல நேரம் ஒத்திகையே இருக்காது. சேர்ந்து வளர்ற ஒரு குழுங்கறது அதுக்குத் தேவையே இல்ல, அந்த அழகே வேற.

கல்யாண ஊர்வலத்துல ட்ரம்பெட், கிளாரினெட், பெரிய ட்ரம்மோட வர்றாங்களே, அதுவும் பேண்ட்தானே?

அதுவும் பேண்ட்தான், பட்டாளத்து வழில வந்தது. நடந்துக்கிட்டே, திறந்த வெளில, தூரத்துக்குக் கேக்கற மாதிரி வாசிக்கணும், அதனாலதான் ஊதற வாத்தியமும் அடிக்கற வாத்தியமும் மட்டும். தஞ்சாவூர் சரபோஜி மன்னர் அரண்மனைலயே மேற்கத்திய பேண்ட் இருந்திருக்கு. முத்துசாமி தீட்சிதர் அந்த மாதிரி பேண்ட் மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்துல சாகித்யம் போட்டார், அதுதான் நொட்டுஸ்வரம், இன்னிக்கும் சின்னப் பசங்களுக்கு சொல்லித் தர்றாங்க. இங்கிலாந்துல ப்ராஸ் பேண்ட்னு இருக்கு, அதுல ட்ரம்பெட்டுக்குப் பதிலா அதே மாதிரி இருக்கற கார்னெட், கிளாரினெட் கிடையவே கிடையாது. இதுல எல்லாம் வாத்திய அமைப்பு முன்னாடியே தீர்மானமானது, ஆள் வந்து அந்த இடத்தை நிரப்பணும். ராக் மாதிரி பேண்ட்ல ஆள் முதல்ல, அவங்க என்ன வாசிக்கறாங்களோ அதுதான் அமைப்பு.

ப்ரோ, இங்கிலாந்து ராக் பேண்ட் பீட்டில்ஸ்லயே ட்ரம்மரை மாத்தினாங்களே. நீங்க சொல்றது அங்கயே அடிபடுதே?

நல்ல கேள்வி, இதைத்தான் எதிர்பாத்தேன். 1962 ஆகஸ்ட்ல பீட் பெஸ்ட்ட எடுத்துட்டு ரிங்கோவ சேத்தாங்க. செப்டம்பர்ல முதல் சிங்கிள் ரெக்கார்டிங், ப்ரொட்யூசருக்கு ட்ரம்ஸ்ல திருப்தி இல்லாம 11ஆம் தேதி ஆண்டி வைட்டுங்கற செஷன் ட்ரம்மர, அதாவது ரெக்கார்டிங்குக்கு மட்டும் வந்து வாசிக்கறவர உக்கார வெச்சாங்க, ரிங்கோ கைல குலுக்கி வாசிக்கற ஒரு டாம்பரின கொடுத்துட்டாங்க. அதாவது அந்த ஒரு நாள் ஸ்டூடியோ அவங்கள ட்ரூப் மாதிரி நடத்துச்சு, ஆள் சரியில்லையா வேற ஆள் போடு. அதுக்கப்புறம் வந்த பாட்டுகள்ல ரிங்கோவோட அடியக் கேட்டுப் பாருங்க, இடதுகைப் பழக்கம் உள்ளவர் வலதுகைக்காரர் செட்ல வாசிச்சதால ட்ரம் ரோல் எல்லாம் யாரும் எதிர்பாக்காத பக்கமா உருளும், அதை எடுத்துட்டா பாட்டு வேற ஆயிடும்.

லெட் செப்பலின்னு இன்னொரு ராக் பேண்ட், 1980ல ட்ரம்மர் ஜான் போனம் செத்ததும் அந்த வருஷமே நிறுத்திட்டாங்க. அதே 1980 பிப்ரவரில பாடகர் பான் ஸ்காட்ட இழந்த ஏசி/டிசிங்கற ராக் பேண்ட் சில மாசத்துல புதுப் பாடகரோட ஆல்பம் போட்டு இன்னும் பெருசா வளந்துச்சு. ரெண்டுமே பேண்ட்தான். தொடரலாமா வேண்டாமான்னு மிச்சம் இருந்தவங்களே முடிவு பண்ணாங்க பாருங்க, அதைத்தான் நான் சொல்றேன்.

கொரியாவோட பிடிஎஸ் பேண்டா இல்லையா? சண்டை வேண்டாம், ஒரு வரில சொல்லுங்க.

பாடி ஆடற குரல் குழு, பாய் பேண்ட்ங்கற தனி வகை. தரத்துல குறைச்சல்னு சொல்றவங்களோட நான் சேர மாட்டேன். ஆனா ஒரு குழு பேண்டா மாறவும் செய்யும். அமெரிக்கால 1966ல டிவி தொடருக்காக ஆள் தேர்ந்தெடுத்து மங்கீஸ்னு ஒரு குழு போட்டாங்க, ஆரம்ப ரெக்கார்டுகள்ல வாசிச்சது பெரும்பாலும் செஷன் ஆளுங்க. அவங்க சண்டை போட்டு 1967ல ஒரு ஆல்பத்துக்குத் தாங்களே வாசிச்சாங்க. என்னைக் கேட்டா அவங்க பேண்ட் ஆனது அந்த ஆல்பத்துலதான்.

தமிழ்ல அப்படி சொந்தப் பாட்டு பண்ற பேண்ட் ஒண்ணு காட்டுங்க.

தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். டைரக்டர் பா.ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் 2017ல சேத்தது, 2018 ஜனவரில சென்னைல முதல் மேடை. கானா பாடறவங்க, ராப் பாடறவங்க, பறை, சட்டி மேளம், கூடவே எலக்ட்ரிக் கிட்டாரும் ட்ரம்ஸும். சினிமாப் பாட்டுக்கு வெளில, தங்களோட வாழ்க்கையத் தாங்களே எழுதிப் பாடினாங்க. கேட்டு அப்படியே வாசிக்க முன்னாடியே ரெக்கார்டு எதுவும் கிடையாது, கானாக்காரர் தாளத்தை இழுத்துப் பிடிக்கற இடத்துல கிட்டார் காத்திருக்கணும், அதை ஒத்திகைல உக்காந்துதான் கண்டுபிடிக்க முடியும். எனக்கு ரொம்பப் பெருமையான விஷயம் இது.

அண்ணா, நாங்க காலேஜ்ல நாலு பேர், இப்ப வரைக்கும் கவர்தான், அதாவது மத்தவங்க பாட்டுத்தான் வாசிக்கறோம். பேண்ட் ஆகணும்னா என்ன பண்ணணும்?

ஒரு சொந்தப் பாட்டை எடுங்க. ஒருத்தர் நாலு பேரோட பார்ட்டையும் லேப்டாப்ல முடிச்சு எடுத்துட்டு வராதீங்க, மெட்டும் ரெண்டு கார்டும் (chord, சேர்ந்து ஒலிக்கற ஸ்வரங்கள்) மட்டும் கொண்டு வாங்க, மத்தது ரூம்ல வரட்டும். பேஸ் வாசிக்கறவர் காலால மிதிச்சு அடிக்கற கிக் ட்ரம்ம கேட்டு வாசிக்கட்டும், ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க, நாலு பேரும் எப்பவும் வாசிச்சுக்கிட்டே இருந்தா யாராவது நிறுத்துங்க. அப்புறம் காசு வர்றதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க, பாட்டுல யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருத்தர் விலகினா பேண்ட் பேர் யார்கிட்ட இருக்கும், இந்த ரெண்டும் கண்டிப்பா. பாட்டு எழுதினவரும் மெட்டு போட்டவரும், ராயல்டி வசூலிச்சுத் தர்ற சங்கமான ஐபிஆர்எஸ்ல உறுப்பினராகி, பாட்டு வெளில வர்றதுக்கு முன்னாடி அதே பங்கோட பதிவு பண்ணிடுங்க.