ஹெவி கரண்டா, லைட் கரண்டா?

கேள்வி: வணக்கம் அங்கிள். நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் ஃபீனிக்ஸில் இருக்கும் பெண். இந்த வருடம் மெட்ரிக், பள்ளியின் கடைசி வருடம். மேத்ஸும் சயின்ஸும் எனக்கு நன்றாக வரும். அப்பா எலக்ட்ரீஷியன். சொந்தமாக ஒரு வேன் வைத்துக்கொண்டு வயரிங், இன்வெர்ட்டர் என்று ஓடுகிறார். சனிக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். ஹெவி கரண்ட் (கரண்டை உண்டாக்கி ஊருக்கு அனுப்பும் பவர் இன்ஜினியரிங்) படிக்கத்தான் எனக்கு ஆசை. ஜோஹன்னஸ்பர்க்கில் சாஃப்ட்வேரில் இருக்கும் மாமா, "எஸ்காம் (அரசு மின்சாரக் கம்பெனி) ஓட்டைப் படகு, அதில் ஏறப் போகிறாயா? லைட் கரண்ட் (எலக்ட்ரானிக்ஸ்) எடு, இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் படி" என்கிறார். ஆயாவுக்கு வேறு பயம், ஷாக் அடித்துவிடும் என்று. யுனிவர்சிட்டியில் நாலு வருடமா, டியூடியில் (டர்பன் டெக்னாலஜி யுனிவர்சிட்டி) மூன்று வருடமா என்பதும் புரியவில்லை. என்ன செய்யட்டும்? (தமிழைத் திருத்திக் கொடுத்தது ஆயா.)

பதில்: முதலில் ஆயாவுக்கு ஒரு கும்பிடு. ஒற்றுப் பிழை இல்லாத கடிதம் இந்தப் பெட்டிக்கு வந்து பல வருடம் ஆகிறது.

மாமா சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். எஸ்காமின் கடன், பராமரிக்காமல் விட்ட நிலையங்கள், ஊழல் எல்லாம் பேப்பரில் வந்ததுதான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் அவர் ஒரு கம்பெனியையும் ஒரு தொழிலையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். பஸ் கம்பெனி நொடித்துப்போனால் டிரைவர் வேலையே ஒழிந்தது என்போமா? 2023-ல் 300 நாளுக்கு மேல் லோட் ஷெட்டிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) இருந்தது. அந்த வருடம் உன் அப்பாவின் வேன் எத்தனை நாள் வீட்டில் நின்றது என்று கேட்டுப் பார்.

லோட் ஷெட்டிங் என்றதும் எல்லோருக்கும் கோபம் வருகிறது. அது என்ன என்று யாரும் சொல்லித் தரவில்லை. நம் கோயில்களில் தேர் இழுப்பதைப் பார்த்திருப்பாய். ம்புமலாங்காவின் நிலக்கரி நிலையங்கள், கேப்டவுன் பக்கத்தில் கூபர்க் அணுமின் நிலையம், நம் டிராகன்ஸ்பர்க் மலையில் தண்ணீரை மேலே ஏற்றிக் கீழே இறக்கிக் கரண்ட் எடுக்கும் நிலையம், எல்லாம் ஒரே வடத்தைப் பிடித்திருக்கிற ஆட்கள். எல்லோருக்கும் ஒரே நடை, 50 ஹெர்ட்ஸ். தேரில் திடீரென்று பத்துப் பேர் கூடுதலாக ஏறினாலோ, வடம் பிடித்தவர்களில் நாலு பேர் கையை விட்டாலோ நடை தளரும். 50 என்பது 49.8, 49.5 என்று இறங்கும். இன்னும் இறங்கினால் டர்பைன் பிளேடுகள் அதிர்ந்து கெட்டுவிடும் என்று ஒவ்வொரு நிலையமும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வடத்தை விட்டுவிடும். மிச்சமிருப்பவர்கள் தலையில் அந்தச் சுமையும் ஏறும். அவர்களும் விடுவார்கள். தேர் நடுத்தெருவில் நின்றுவிடும்.

நின்ற தேரைக் கிளப்புவது என்ன பாடு என்று நெம்புகட்டை போட்டவரைக் கேட்க வேண்டும். நிலக்கரி நிலையத்தை எழுப்பவே வெளியிலிருந்து கரண்ட் வேண்டும், கரியை அரைக்க, தண்ணீர் ஏற்ற, விசிறி சுற்ற. நாடு மொத்தமும் அணைந்தால் முழுதாக எழுந்திருக்க வாரக்கணக்கில் ஆகலாம். கை மாற்று வாங்கலாம் என்றால் நம் அளவுக்குப் பெரிய அண்டை வீடும் இல்லை.

அதனால்தான் கன்ட்ரோல் ரூமில் இருப்பவர்கள் தேரில் இருப்பவர்களை முறை வைத்து இறக்கினார்கள். ஒரு ஸ்டேஜ் என்றால் 1000 மெகாவாட். இரண்டு மணி நேரம் ஃபீனிக்ஸ் இறங்கும், அப்புறம் சாட்ஸ்வொர்த் இறங்கும். நானும் மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டே திட்டியவன்தான். ஆனால் 2008 தொடங்கி இத்தனை அடி வாங்கியும் நாடு மொத்தமாக ஒருநாளும் அணையவில்லை. தேரை நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டது இந்தத் தொழில்தான்.

கரண்ட் வந்து இரண்டு நிமிடத்தில் மறுபடி போன இரவுகள் ஞாபகம் இருக்கிறதா? தெருவில் இருக்கிற அத்தனை கீசரும் ஆறிப்போன தண்ணீரோடு ஒரே சமயத்தில் விழித்துக்கொள்ளும். தெருவுக்கு வரும் ஃபீடர் லைன் தாங்காது, பிரேக்கர் விழும். இதைக் கணக்குப் போட்டு, எந்தத் தெருவை எப்போது சேர்ப்பது என்று முடிவு செய்வதும் ஹெவி கரண்ட் படிப்புதான்.

இப்போது தேருக்குப் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். 2011-லிருந்து தனியார் சோலார், காற்றாலைத் திட்டங்களை அரசு ஏலம் விட்டு எடுத்து வருகிறது. அவற்றின் கரண்டை மற்றவர்கள் நடைக்கு மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர்கள் கெட்டிக்காரப் பையன்கள், ஆனால் உடம்பில் கனம் கிடையாது. பழைய நிலையத்தில் பல டன் ரோட்டர் சுற்றிக்கொண்டிருக்கும். எங்கோ ஒரு நிலையம் திடீரென்று விழுந்தாலும் அந்தச் சுற்றின் வேகமே சில நொடி தாங்கிக்கொடுக்கும். அந்தச் சில நொடிக்குள் மற்றவர்கள் சுதாரித்துக்கொள்வார்கள். சாதாரண இன்வெர்ட்டரோ பக்கத்தில் இருப்பவன் நடையைப் பார்த்துத்தான் அடி வைக்கும். பக்கத்தில் ஆளே இல்லாவிட்டால்? கரி நிலையங்களை மூட மூட இந்தக் கேள்வி பெரிதாகும். தானே நடையை உண்டாக்கும் இன்வெர்ட்டர்கள், பேட்டரிகள், சும்மா சுற்றுவதற்கென்றே வைக்கும் இயந்திரங்கள் என்று உலகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, வெயில் கொளுத்துவது நார்தர்ன் கேப்பில், கரண்ட் வேண்டியது கௌடெங்கிலும் டர்பனிலும். நடுவில் லைன் போதவில்லை. எஸ்காமிலிருந்து டிரான்ஸ்மிஷனை, அதாவது தூரத்துக்குக் கரண்ட் கொண்டுபோகும் பெரிய லைன்களை, தனிக் கம்பெனியாகப் பிரித்து 2024-ல் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த பத்து வருடத்தில் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர் புது லைன் வேண்டும் என்பது அவர்கள் திட்டம். அத்தனையும் போட ஆள் வேண்டாமா?

எஸ்காம் மட்டுமே கதவு என்றும் நினைக்காதே. முனிசிபாலிட்டி இருக்கிறது, சுரங்கங்கள் இருக்கின்றன, துறைமுகம், சர்க்கரை ஆலை, கன்சல்டன்ட் கம்பெனிகள் இருக்கின்றன. ரிச்சர்ட்ஸ் பேயில் இருக்கும் அலுமினிய ஆலையில் சில மணி நேரம் கரண்ட் நின்றால் தொட்டியிலேயே உலோகம் உறைந்துவிடும். அங்கே ஹெவி கரண்ட் ஆளுக்கு இருக்கிற மரியாதையே தனி.

மாமாவுக்கு ஒரு சமாதானம் சொல்லலாம். லைன்களைக் காவல் காக்கும் ரிலே என்ற கருவி இன்று ஒரு கம்ப்யூட்டர்தான். கோளாறு எந்த லைனில் என்று சில மில்லிசெகண்டில் முடிவெடுத்து பிரேக்கருக்கு ஆணை அனுப்பும். ஹெவி, லைட் என்ற பிரிவே எங்கள் காலத்துச் சுவர். அந்தச் சுவரில் இப்போது பாதி இடிந்துவிட்டது. கோடிங் தெரிந்த ஹெவி கரண்ட் ஆளுக்கு எப்போதும் கிராக்கி.

எங்கள் காலம் என்றதும் ஒன்று. நான் எம்.எல். சுல்தானில் படித்தவன். அப்போது அது இந்தியர்களுக்கான கல்லூரி. 2002-ல் டெக்னிகான் நட்டாலோடு அதைச் சேர்த்ததில்தான் உன் டியூடி பிறந்தது. படித்து முடித்து வேலைக்குப் போனபோது டிரான்ஸ்பார்மரின் எண்ணெய் எடுக்கும் வேலை எனக்கு. கண்ணாடி சிரிஞ்சில் காற்றுக்குமிழி புகாமல் எடுத்து, லேபுக்கு அனுப்ப வேண்டும். எண்ணெயில் என்ன வாயு கரைந்திருக்கிறது என்று பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும். வைத்தியர் நாடி பிடிப்பது மாதிரி. ஹைட்ரஜன் கொஞ்சம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அசிட்டிலீன் வந்தால் உள்ளே எங்கோ பொறி பறக்கிறது என்று அர்த்தம். ஒரு டிரான்ஸ்பார்மரில் அசிட்டிலீன் மாதாமாதம் ஏறிக்கொண்டே போயிற்று. நிறுத்தித் திறக்கலாம் என்றேன். மேலே இருந்தவர் பெயர் வேண்டாம். "மாசக் கடைசியில் நிறுத்த முடியாது" என்று மூன்று மாதம் தள்ளினார். கடைசியில் திறந்தபோது ஒரு போல்ட் தளர்ந்து, அதைச் சுற்றிச் செம்பு கன்னங்கரேல் என்று ஆகியிருந்தது. கை வைத்தால் கரி ஒட்டியது. இன்னும் சில வாரம் போயிருந்தால் தீயணைப்பு வண்டியைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். இந்தத் தொழிலில் சம்பளத்தைவிட இதுதான் என்னைப் பிடித்து வைத்தது. மூடிய இரும்புப் பெட்டிக்குள் நடப்பதை வெளியில் நின்று சொல்வது.

ஆயாவின் பயத்தைச் சிரித்துத் தள்ள மாட்டேன். ஆபத்து உண்டு. 2021 ஆகஸ்டில் மெடுபி நிலையத்தின் நாலாவது யூனிட்டில் ஜெனரேட்டர் வெடித்தது. பெரிய ஜெனரேட்டரைக் குளிர்விப்பது ஹைட்ரஜன். அதைக் கார்பன் டை ஆக்சைடு விட்டு முழுக்க வெளியேற்றிய பிறகுதான் காற்றை உள்ளே விட வேண்டும். ஹைட்ரஜன் மிச்சமிருக்கும்போதே காற்று புகுந்துவிட்டது. எழுதிவைத்த முறையை விட்டு விலகியதுதான் காரணம் என்று எஸ்காமே சொன்னது. ஆகவே ஆயாவிடம் சொல், தைரியசாலிகளுக்கு இங்கே ஆயுசு குறைவு. வேலை செய்யலாம் என்ற பெர்மிட் கையில் வராமல் தொடாதவர்கள், சோதித்துப் பார்த்து எர்த் போடாதவரை லைன் உயிரோடுதான் இருக்கிறது என்று நினைப்பவர்கள், அவர்கள்தான் ரிட்டையர் ஆகிப் பத்திரிகையில் பதில் எழுதுகிறார்கள். பெண் என்பதற்குத் தனியாக ஒரு பத்தி வேண்டுமா என்ன? கரண்ட் ஆள் பார்த்து அடிப்பதில்லை.

படிப்புக்கு வருகிறேன். யுகேஇஸட்என்-இல் (குவாசுலு-நட்டால் யுனிவர்சிட்டி) ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் நாலு வருடப் பட்டம். அதை முடித்து, அனுபவமும் சேர்த்தால் பொறியியல் கவுன்சிலில் புரொஃபெஷனல் இன்ஜினியராகப் பதியலாம். டியூடியில் மூன்று வருடம் படித்தால் டெக்னாலஜிஸ்ட். பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள ஒப்பந்தங்கள் உண்டு: முன்னதற்கு வாஷிங்டன் ஒப்பந்தம், பின்னதற்கு சிட்னி ஒப்பந்தம். இரண்டுக்கும் வெளிநாட்டில் அங்கீகாரம் உண்டு, தரம்தான் வேறு. காம்ப்ளக்ஸ் நம்பரும் டிஃபரென்ஷியல் ஈக்வேஷனும் உனக்கு விளையாட்டு என்றால் நாலு வருடம் போ. ஏன் என்பதைவிட எப்படி என்பதில்தான் உனக்கு ருசி என்றால் டியூடி போ, தாழ்வு ஒன்றும் இல்லை. உன் கடிதத்தைப் பார்த்தால் எனக்கு முதலாவதுதான் தோன்றுகிறது. ஆலை, சுரங்கம் பக்கம் போவதாக இருந்தால் பின்னால் கவர்மென்ட் டிக்கெட் என்ற அரசுச் சான்றிதழ்ப் பரீட்சையும் எழுதிவிடு. சட்டப்படி அங்கே பொறுப்பில் உட்கார அது வேண்டும். பர்சரி (கம்பெனி தரும் படிப்பு உதவித்தொகை) வாங்கினால் எத்தனை வருடம் வேலை செய்து கழிக்க வேண்டும் என்ற வரியைக் கையெழுத்துக்கு முன் இரண்டு தடவை படி.

ஒரு சின்ன எச்சரிக்கை. கனடா போகிற யோசனை வந்து வேலை தேடினால், அங்கே "பவர் இன்ஜினியர்" என்பது பாய்லர் இயக்கும் லைசென்ஸ்காரர். பட்டதாரிகள் அந்தப் பெயரைப் பார்த்து ஏமாந்து விண்ணப்பம் போடுவதைக் கண்டிருக்கிறேன்.

இந்தச் சனிக்கிழமை அப்பாவோடு போகும்போது, வழியில் ஏதாவது ஒரு சப்ஸ்டேஷன் வேலிக்கு வெளியே வேனை நிறுத்தச் சொல். வேலியைத் தொடாதே, நின்று கேள். டிரான்ஸ்பார்மர் முணுமுணுக்கும். அது 50 ஹெர்ட்ஸ் இல்லை, 100. ஏன் இரட்டிப்பாகிறது என்று தெரிந்துகொள்ள உனக்கு அரிக்கிறதா, இல்லை சீக்கிரம் வீட்டுக்குப் போகத் தோன்றுகிறதா? அதை அடுத்த கடிதத்தில் எழுது. ஆயா திருத்தாமலே அனுப்பு.