மசாஜ் மெஷினுக்கு "ஆ"ன்னா காது கேக்காது

போன தடவை கழுத்து வலி பத்தி எழுதுனதுக்கு வந்த கேள்வில பாதி மசாஜ் சேர், கால் அமுக்குற மெஷின் பத்தித்தான். சிங்கப்பூர்ல பிசியோதெரபிஸ்டா இருக்குற எனக்கு இது தினமும் கேக்குற கேள்விதான், ஒரே மாதிரி வந்தத சேத்துட்டேன்.

அக்கா, அம்மாவுக்கு 68 வயசு, சுகர் இருக்கு. தீபாவளிக்கு தம்பி கால் அமுக்குற மெஷின் வாங்கிக் குடுத்தான். சீரியல் பாத்துக்கிட்டே தினம் ஒரு மணி நேரம் வைக்கிறாங்க. விடலாமா?

முதல்ல, அம்மாவுக்குப் பாதத்துல உணர்ச்சி சரியா இருக்கான்னு பாத்தீங்களா? ரொம்ப வருஷமா சுகர் இருந்தா கால் நரம்பு கொஞ்சம் கொஞ்சமா மரத்துப்போகும், அப்புறம் ரோலர் எலும்பு மேலயே அழுத்துனாலும் சூடு ஓவரா ஏறினாலும் அவங்களுக்குத் தெரியாது. மனுஷங்க பிடிச்சு விட்டா நாம "ஆ"ன்ன உடனே கைய எடுத்துடுவாங்க, மெஷினுக்குக் காது இல்ல, அம்மாவுக்கும் வலி தெரியலன்னா அப்போ யாருதான் நிறுத்துறது? இந்த மாதிரி மெஷின் வச்சுட்டு என்கிட்ட வந்த ஒரு ஆன்ட்டிக்கு குதிகாலுக்கு மேல ரெண்டு பக்கமும் செவப்பா கோடு, ஒரு பக்கம் தோல் உரிஞ்சு ஈரமா இருக்கு, அவங்க "எறும்பு கடிச்சிருக்கும்மா"ன்னாங்க. சாக்ஸ்ல கறைய மக பாத்ததாலதான் வெளிய தெரிஞ்சது. சுகர்ல இந்த மாதிரி சின்னப் புண்ணுகூட லேசுல ஆறாது.

பாலிகிளினிக்ல (இங்க இருக்குற அரசாங்க கிளினிக்) வருஷா வருஷம் பாதத்த டெஸ்ட் பண்ணுவாங்க, மெல்லிசா நைலான் நூல் மாதிரி ஒண்ணால அங்கங்க தொட்டு "தெரியுதா"ன்னு கேப்பாங்க. அதுல எல்லா இடமும் தெரிஞ்சு டாக்டரும் சரின்னா, சூட்ட ஆஃப் பண்ணிட்டு குறைஞ்ச லெவல்ல 10, 15 நிமிஷம் போதும், முடிஞ்சதும் லைட்டப் போட்டு விரல் இடுக்கு வரைக்கும் பாருங்க. தெரியலன்னா மெஷின் தம்பி வீட்டுக்கே போகட்டும், அவன்தான் மராத்தான் ஓடுறானே.

லண்டன்ல இருந்து 13 மணி நேரம் ஃபிளைட். வலது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்குது. சாங்கி ஏர்போர்ட்ல ஃப்ரீயா இருக்குற கால் அமுக்குற மெஷின்ல வச்சேன், குறையல. வீட்டுலயும் வைக்கலாமா?

வைக்காதீங்க! (இவருக்கு அன்னைக்கே தனியா சொல்லிட்டேன், மத்தவங்களுக்காக இங்க போடுறேன்.) ரெண்டு காலும் லேசா வீங்குனா ஃபிளைட்டுல சகஜம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா உள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கலாம், அத அமுக்குனா பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போகலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரில ஸ்கேன் பாக்கணும். மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குதுன்னா நேரா 995க்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.

நாள் பூரா லேப்டாப். கழுத்துல மசாஜ் கன் (கைல பிடிச்சு சதைல வச்சா படபடன்னு தட்டுற மெஷின்) வைக்கலாமா?

தோள்பட்டை சதைல வைங்க, ஒரு இடத்துக்கு ஒரு நிமிஷம். கழுத்து முன்னாடியும் பக்கத்துலயும் வேண்டவே வேண்டாம், மூளைக்குப் போற ரத்தக்குழாய் அங்கதான் ஓடுது. ஜிம் பசங்களுக்கும் ஒண்ணு: சீனாவுல ஒரு பொண்ணுக்கு சைக்கிள் ஓட்டுனதுக்கப்புறம் தொடைல இந்த கன் வச்சு, சதை சிதைஞ்சு ஒண்ணுக்கு டீ கலர்ல போயி ஆஸ்பத்திரில சேத்தாங்கன்னு மருத்துவ ஜர்னல்ல வந்துருக்கு. அபூர்வம்தான், ஆனா வலி மேலயே வச்சு அழுத்தாதீங்க.

அஞ்சு மாசம் கர்ப்பம், மால்ல இருக்குற சேர்ல உக்காரலாமா?

உங்க டாக்டர் சரின்னு சொல்லாம வேண்டாம். வீட்டுக்காரரைக் கால் பிடிச்சு விடச் சொல்லுங்க.

ரோட்ஷோல (விக்கிறதுக்காகப் போடுற ஸ்டால்) 6,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், மசாஜ் சேர், 24 மாச தவணை. முதுகு வலி போகும், நச்சு வெளியேறும், எடை குறையும்னு சொல்றாங்க. வாங்கலாமா?

நச்ச வெளியேத்த ஈரலும் கிட்னியும் இருக்கு. எடையும் குறையாது, சேர் ஆடுறது நீங்க ஆடுற மாதிரி ஆகுமா? முதுகுப் பிடிப்பு அப்போதைக்கு இளகும், தூக்கம் வரும், அது உண்மை, நானே உக்காந்து குறட்டை விட்டுருக்கேன். வலி திரும்பாம இருக்க நடையும் முதுகுப் பயிற்சியும்தான். எலும்புத் தேய்மானம், பேஸ்மேக்கர், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, இதுல ஏதாவது வீட்டுல யாருக்காவது இருந்தா டாக்டர்கிட்ட கேக்காம அவங்கள உக்கார வைக்காதீங்க. வீட்டுல வாங்கி வச்சே ஆகணும்னும் இல்ல: 1954ல ஜப்பான்ல முதல்ல செஞ்சு வித்த சேரே பொதுக் குளியல் கூடத்துலதான் போட்டாங்க, குளிச்சிட்டு கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எழுந்து போயிடுவாங்க. அப்படியும் வாங்குறதுன்னா, புளோக் லிஃப்ட்டையும் வாசக்கதவையும் அளந்துட்டுப் போங்க.