லெமன் பை பியர் கசந்துவிட்டதா?

நண்பரே, லெமன் பை என்ற எலுமிச்சை இனிப்புப் பண்டத்தின் சுவையில் காய்ச்சிய 4 லிட்டர் பியரில் 100 கிராம் லாக்டோஸ் (பால் சர்க்கரை) போட்டும் இனிப்பில்லை, எலுமிச்சை மணமில்லை, கசப்பு மட்டும் நாக்கில் நிற்கிறது, பாட்டிலில் அடைக்குமுன் கூடுதலாகச் சர்க்கரை கொட்டலாமா என்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். ஈஸ்ட் இன்னும் உயிரோடுதான் இருக்கும். அத்தனையையும் வாயுவாக்கினால் பாட்டில் வெடிக்கும்.

லாக்டோஸ் அளவு சரிதான். ஆனால் அது சர்க்கரையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் இனிக்கும். அதன் வேலை பியருக்குக் கனம் தருவது.

கசப்புக்கான காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது: பழத்தைத் தோலோடு நறுக்கி, வோர்ட்டில் (ஈஸ்ட் சேர்க்குமுன் உள்ள மால்ட் கரைசலில்) ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டிருக்கிறீர்கள். மணமுள்ள எண்ணெய் மஞ்சள் தோலில்தான் இருக்கிறது. அது ஆவியோடு போய்விட்டது. உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியின் கசப்பு தங்கிவிட்டது. அதை இனி எடுக்க முடியாது, ஓரளவு மறைக்கலாம்.

இரண்டு எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும், வெள்ளை தெரியும் முன்பே கையை நிறுத்தி, மெல்லச் சீவுங்கள். கீறிய அரை வெனிலாக் காயோடு, மூழ்கும் அளவு வோட்காவில் மூன்று நாள் ஊறட்டும். வடிகட்டி, ஒரு டம்ளர் பியரில் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுவைத்து அளவு பிடித்தபின் மொத்தத்தில் கலக்குங்கள். வெனிலா வாசனைக்கே நாக்கு இனிப்பை எதிர்பார்க்கும். சாறு சேர்க்காதீர்கள், புளிப்புதான் ஏறும்.

லெமன் பையின் மாவு ஓட்டுச் சுவைக்கு அடுத்த முறை பிஸ்கட் மால்ட் (முளைகட்டி லேசாக வறுத்த பார்லி) கொஞ்சம் போடுங்கள். சிலர் நிஜ பிஸ்கட்டையே போடுகிறார்கள். அதிலுள்ள கொழுப்பு நுரையைக் கெடுக்கும்.

பால் ஒவ்வாதவர்களுக்கு ஊற்றுமுன் லாக்டோஸ் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.