கம்மெல்ஸ்தாட் கல் தேவாலயம்: கேள்வி பதில்

வட சுவீடனில், லூலியோ நகருக்குப் பக்கத்தில் இருக்கும் கம்மெல்ஸ்தாட் தேவாலயம் பற்றி வந்த கேள்விகள்.

கேள்வி: 2025 ஆகஸ்டில் சக்கரங்களில் ஏற்றி நகர்த்தினார்களே, அதுவா?

பதில்: இல்லை. அது கிருணா நகரத் தேவாலயம், 1912இல் கட்டிய மரக் கட்டடம். இது கல்லால் ஆனது, 1492இல் அர்ச்சிக்கப்பட்டது.

கேள்வி: ஆள் நடமாட்டம் குறைந்த வடக்கில் இத்தனை பெரிய கோயில் எதற்கு?

பதில்: இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். 1323இல் சுவீடனும், அன்றைய ரஷ்ய நகர அரசான நோவ்கோரோதும் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆனால் வடகோடியில் அந்த எல்லை தெளிவாக இல்லை. ஒரு பக்கம் கத்தோலிக்க சுவீடன், மறுபக்கம் ஆர்த்தடாக்ஸ் நோவ்கோரோத். கரையோரத்தில் மக்களைக் குடியேற்றி, வரி வாங்கி, திருச்சபையை ஊன்றினால்தான் நிலம் கையில் நிற்கும். அந்த உரிமையை ஊரறியச் சொன்ன கட்டடம் இது. சுவீடனின் வடபகுதியான நூர்லாந்தின் மூலையில் ஒதுங்கிக் கிடந்த ஊர் என்று நினைக்காதீர்கள். 1520 வாக்கில் ஆன்ட்வெர்ப்பில் செதுக்கிய பலிபீடத்தையே வரவழைத்திருக்கிறார்கள்.

கேள்வி: சுற்றியுள்ள சின்னச் சிவப்பு வீடுகளில் யார் குடியிருக்கிறார்கள்?

பதில்: நிரந்தரமாக யாரும் இல்லை. தொலைவிலிருந்து ஆராதனைக்கு வந்தவர்கள் அன்றே திரும்ப முடியாததால் ஞாயிறுக்கும் பண்டிகைக்கும் தங்கக் கட்டியவை, மொத்தம் 424. இவற்றுக்காகத்தான் 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. தனியார் வீடுகள் அவை. ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: துறைமுக ஊராமே, கடலையே காணோமே? வற்றிவிட்டதா?

பதில்: கடல் வற்றவில்லை, நிலம் உயர்ந்தது. பனியுகத்துப் பனிப்பாளத்தின் எடை நீங்கியதால் தரை இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் எழுகிறது. 1621இல் நகர உரிமை பெற்ற ஊரின் துறைமுகம் தூர்ந்துபோக, 1649இல் நகரத்தையே கடலோரத்துக்கு மாற்றினார்கள். தேவாலயம் இங்கேயே நின்றுவிட்டது.

கேள்வி: ஒப்புக்கொள்ள மாட்டேன். பனி உருகினால் கடல் அல்லவா ஏறும்?

பதில்: ஏறியது, இங்கே தரை அதைவிட வேகமாக எழுந்தது. வெப்பமானிக்குப் பெயர் தந்த ஆண்டர்ஸ் செல்சியஸும் 1731இல் பாறையில் நீர்மட்டக் குறி வெட்டி, தண்ணீர்தான் குறைகிறது என்று கருதினார். ஆனால் தண்ணீர் குறைந்தால் எல்லாக் கரையிலும் ஒரே அளவில் அல்லவா குறைய வேண்டும்? தென்கோடி சுவீடனில் இந்த மாற்றம் ஏறத்தாழ இல்லவே இல்லை.

கேள்வி: கிருணாபோல இதையும் நகர்த்துவார்களா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தரங்கம்பாடியோடு தொடர்பு உண்டா?

பதில்: தரங்கம்பாடி அன்று டேனிஷ்காரர்களுடையதாக இருந்தது. சுவீடன் தொடர்பைத் தேடினால், 1921இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் பேராயரான எர்ன்ஸ்ட் ஹெய்மனிடமிருந்து தொடங்குங்கள். அது தனிக் கதை.

கேள்வி: சிவப்பு வீட்டுக்குள்ளே படம் எடுக்கலாமா?

பதில்: திரும்பவும் சொல்கிறேன், அவை தனியார் வீடுகள். சொந்தக்காரர் அழைக்காமல் போகாதீர்கள். அந்த நேரத்தைப் பலிபீடத்துக்குக் கொடுங்கள்.