வாசகர் கேள்வி–பதில்: ஆற்றங்கரையிலும் காட்டிலும் ஓடுகிறவர்களுக்கு

மண்பாதை ஓட்டம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

தார்ச்சாலையில் 10 கி.மீ. தூரத்தை ஒரு மணி நேரத்தில் ஓடிவிடுகிறேன். காவிரிக்கரை மண்பாதையில் அதே தூரத்துக்கு 75 நிமிடம் ஆகிறது. உடம்பில் தெம்பு குறைகிறதா?
– வாசகர், திருச்சி

தெம்பு அப்படியேதான் இருக்கிறது, தரைதான் வேறு. பொலபொலவென்ற மணலில் காலை ஊன்றி உந்தும்போது மணல் பின்னால் சரிகிறது. உங்கள் பலத்தில் ஒரு பங்கு அந்தச் சரிவிலேயே போய்விடும். மேடு பள்ளத்தில் விழாமல் நிற்கக் கணுக்காலும் இடுப்பும் தனியாக உழைக்கின்றன. அதனால் கரையில் கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டு நேரக் கணக்கில் ஓடுங்கள். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் 50 நிமிடம் ஓடினால் போதும். முதல் ஒரு மாதம் வாரத்தில் ஒரு ஓட்டத்தை மட்டும் மண்ணுக்கு மாற்றுங்கள். கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் பழக அவ்வளவு காலம் வேண்டும். அவசரப்பட்டால் காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் குதிகாலில் சுரீர் என்று குத்தும்.

இன்னொரு விஷயம்: கரைப்பாதை பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். போகும்போது தாழ்வான பக்கம் இருந்த கால், அதே தடத்தில் திரும்பினால் மேட்டுப் பக்கம் வந்துவிடும். சுற்றிக்கொண்டு வேறு வழியில் வருவதைவிட, போன தடத்திலேயே திரும்புவது முழங்காலுக்கு நல்லது.

கோடையில் கொள்ளிடம் வறண்டு கிடக்கிறது. ஆற்றுக்குள்ளேயே இறங்கி ஓடலாமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பகலில், ஆள் நடமாட்டம் உள்ள பகுதியில் ஓடலாம். இறுகிய மணலாகப் பார்த்து ஓடுங்கள். ஆனால் கொள்ளிடம் வெள்ள வடிகால் என்பது நினைவில் இருக்கட்டும். காவிரி தாங்காத உபரி நீரை முக்கொம்பு அணையிலிருந்து கொள்ளிடத்தில்தான் திருப்புவார்கள். மேலே மழை கொட்டினால் உங்கள் ஊரில் வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். மேட்டூரிலிருந்து திறந்த நீர் கல்லணையை எட்டச் சில நாட்கள் ஆகும் என்பதால், செய்தியைப் பார்க்கிறவர்களுக்கு அவகாசம் உண்டு. நீர்வரத்து உயர்கிறது என்று அறிவிப்பு வந்தால் கரையோடு நின்றுவிடுங்கள்.

அதைவிட நாளாந்த ஆபத்து மணல் அள்ளிய குழிகள். முழங்கால் அளவு ஓடும் நீருக்கு நடுவே ஆள் உயரக் குழி இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஓடிவந்த சூட்டில் காலை நனைக்க இறங்குவதென்றால் படித்துறையில் மட்டும் இறங்குங்கள்.

சாதாரண ஓட்டக் காலணி போதாதா? மண்பாதைக் காலணி என்று இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள்.
– வாசகர், மதுரை

காய்ந்த, இறுகிய மண்பாதைக்குச் சாதாரணக் காலணியே போதும். ஈர மண், சருகு, சரளைக்கல் என்று போகும்போதுதான் அடியில் 4 மி.மீ. ஆழமாவது உள்ள பற்கள் தேவைப்படும். வழுக்குப் பாறையில் பற்களின் ஆழத்தால் பலன் இல்லை, ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும். கடையில் கட்டை விரல் நகத்தால் அடிப்பாகத்தை அழுத்திப் பாருங்கள். கொஞ்சமும் அமுங்காத ரப்பர் ஈரக்கல்லில் சறுக்கும். மாலையில், கால் சற்று வீங்கிய நேரத்தில் போட்டுப் பார்த்து, விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள்.

நம் ஊர் ஆற்றங்கரைக்கு என்று ஒரு தனித் தொல்லை இருக்கிறது: சீமைக் கருவேல முள். மெத்தையான அடிப்பாகம் உள்ள காலணிகளில் அது ஊசிபோல் இறங்கும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. முள் வெளியே ஒடிந்து, உள்ளே இருக்கும் துண்டு ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் மேலேறி, நான்காம் நாள் பாதத்தில் குத்தும். ஓடி முடித்ததும் காலணியைக் கவிழ்த்து, அடிப்பாகத்தை வில்லாக வளைத்துப் பிடித்தால் முள்ளின் கறுப்புத் தலை தெரியும். குறட்டால் நேராக இழுங்கள். திருகினால் ஒடியும். உள்ளே விரலை விட்டுத் தடவக் கூடாது, உள்ளிருக்கும் மெத்தையை வெளியே எடுத்துப் பாருங்கள். இந்த முள்ளுக்காகவே, முன்பாதத்தில் கெட்டியான தகடு வைத்த காலணிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். மற்ற அலங்காரங்களுக்கு வேண்டாம்.

கோவையைச் சுற்றி இவ்வளவு காடு இருக்கிறது. விடியற்காலையில் உள்ளே போய் ஓட என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், கோவை

முதலில், காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 தடங்களுக்கு இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியுடன் போகலாம். தீக்காலமான கோடையின் தொடக்கத்தில் தடங்களை மூடிவிடுவார்கள்.

ஆனால் அவை நடப்பதற்கான தடங்கள். யானை நடமாடும் காட்டில் ஓடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நடப்பவரின் பேச்சும் காலடிச் சத்தமும் யானைக்கு முன்கூட்டியே எட்டும், அது விலகிப் போகும். ஓடுபவர் வளைவில் திடீரென்று முன்னால் போய் நிற்பார். காற்று எதிரே இருந்து வீசினால் உங்கள் வாசனையும் அதற்குப் போய்ச் சேராது. யானை மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வரக்கூடியது, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 24 விநாடி. இந்த வேகத்தில் நம்மில் யார் ஓடுவோம்? காட்டுமாடும் அப்படித்தான். திடுக்கிட்டால்தான் பாயும், இடம் விட்டால் அதுவே ஒதுங்கும்.

காட்டோரக் கிராமச் சாலையில் ஓடுவதானாலும் வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, குறைந்தது மூன்று பேராக, காதில் எதையும் மாட்டாமல் ஓடுங்கள். ஈரம் காயாத லத்தி, பால் வடிகிற ஒடிந்த கிளை, வயிற்றுக்குள் உருமுவது போன்ற தாழ்ந்த ஓசை, இதில் ஒன்று தெரிந்தாலும் வந்த வழியே திரும்புங்கள். காட்டில் ஓடியே ஆக வேண்டும் என்றால், எஸ்டேட் நிர்வாகத்திடம் கேட்டுத் தேயிலைத் தோட்டச் சாலையில் ஓடலாம். அங்கேயும் அன்றைக்கு எந்தப் பக்கம் யானை நிற்கிறது என்று தோட்டத் தொழிலாளர்களிடம் கேட்டுவிட்டுத்தான்.

மலையில் ஏறும்போது தெரியாத வலி, இறங்கிய மறுநாள் தொடையில் வருகிறது. கால் விரல் நகமும் கறுத்துவிட்டது.
– வாசகி, ஏற்காடு

இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. தசை இழைகள் அதிகம் நைவது அப்போதுதான். உடலைப் பின்னால் சாய்த்து, குதிகாலைப் பிரேக்காக ஊன்றினால் வலி இரட்டிக்கும். இடுப்பிலிருந்து லேசாக முன்சாய்ந்து, அடியைக் குறுக்கி, நிமிடத்துக்கு 170, 180 அடிகள் விழும்படி இறங்குங்கள். பார்வை காலடியில் இல்லாமல் மூன்று நான்கு மீட்டர் முன்னே இருக்கட்டும். வீட்டில் படிக்கட்டு விளிம்பில் ஒரு காலில் நின்று, மறு காலை மூன்று விநாடியில் மெல்லக் கீழே இறக்கும் பயிற்சியைக் காலுக்குப் பத்தாக வாரம் இருமுறை செய்யுங்கள்.

நகம் கறுப்பது பாதம் முன்னால் வழுக்கி மோதுவதால். காலணியின் கடைசித் துளையில் நாடாவை வளையமாக விட்டு, எதிர்ப்பக்க நாடாவை அதனுள் கோத்து இறுக்கினால் குதிகால் அசையாது.

தூரத்தைத் திட்டமிட ஒரு கணக்கு: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீட்டரைக் கூட்டுங்கள். 600 மீட்டர் ஏற்றமுள்ள 12 கி.மீ. தடம், சமதளத்தில் 18 கி.மீ. ஓடுவதற்குச் சமம். செங்குத்தான ஏற்றத்தில் நடந்தே போங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அட்டைக்கு என்ன வழி? உப்பு போடலாமா?
– வாசகர், வால்பாறை

ஏறும் முன் காலுறை மேல் உப்போ புகையிலைத் தண்ணீரோ பூசலாம், மழையில் கரைந்துவிடும். கடித்துக்கொண்டிருக்கும் அட்டை மேல் உப்போ தீயோ வைத்தால், குடித்ததைக் காயத்திலேயே கக்கும். மெலிந்த முனையருகே நகத்தை வைத்துத் தோலோடு பக்கவாட்டில் நகர்த்தினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அதன் எச்சில் வேலை செய்வதால் கசிவு வெகு நேரம் நிற்காது. பயப்படாமல் சோப்பால் கழுவி அழுத்திக் கட்டுங்கள்.

அட்டையைவிடக் கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான் எங்களுக்குக் கவலை. புதர், புல்வெளிகளில் ஒருவகைச் சிலந்திப்பேனின் குஞ்சுகள் கடித்தால் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் வரும். ஓடி வந்ததும் குளித்து, துணியை வெந்நீரில் போடுங்கள். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து, புதருக்குள் போனதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் சரியான மருந்தை முதலிலேயே தொடங்குவார்.

மாக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் ஓடுகிறேன். குரங்கும் இடியும்தான் பிரச்சினை.
– வாசகர், சிங்கப்பூர்

குரங்குக்குப் பிளாஸ்டிக் பை என்றால் தீனி. கையில் எதுவும் தொங்க வேண்டாம், சாப்பிடுவதை இடுப்புப் பைக்குள் வையுங்கள், பல்லைக் காட்டாமல் தாண்டிப் போங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் ஓட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள் போங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். மரத்தடி ஒதுங்கும் இடமல்ல. மழை விட்ட பின் வேர்களை மிதிக்காமல் தாண்டுங்கள், ஈர வேர் கல்லைவிட வழுக்கும்.

இரண்டு மணி நேர ஓட்டத்துக்குத் தண்ணீர் எவ்வளவு?
– வாசகர், திருநெல்வேலி

மணிக்கு 400 முதல் 600 மி.லி. என்று தொடங்குங்கள். ஓடுமுன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், நீங்கள் குடித்ததற்கு மேல் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள், ரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றும், வாந்தி வரும். ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கலக்காதீர்கள், வயிறு கெடும். ஆற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளலாம், குடிக்க வேண்டாம்.