கவசமா, கத்தியா? – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்களுக்குப் பள்ளத்தூர். நான் வேலை பார்ப்பது கோயம்புத்தூரில். போன மாதம் படைப்புக்காகப் பங்காளிகள் எல்லோரும் ஊரில் கூடியிருந்தோம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வளவில் ஆளுக்கொரு லேப்டாப்போடு உட்கார்ந்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடினோம். எல்லாரிடமும் இருந்தது அந்த ஆட்டத்தின் பழைய பதிப்பான கான்குவரர்ஸ்தான். நான் வழக்கம்போலக் காலாட்படை. ஆட்டத்தின் இரண்டாவது கட்டமான ஃபியூடல் ஏஜ் வந்ததும் முதல் வேலையாக பிளாக்ஸ்மித் என்ற கொல்லன் பட்டறையைக் கட்டி, தாக்குதலைக் கூட்டும் ஃபோர்ஜிங் என்ற மேம்பாட்டைப் போட்டு, மேன்-அட்-ஆர்ம்ஸ் என்ற வாள்வீரர் எட்டுப் பேரை அனுப்பினேன். சித்தப்பா மகனின் வில்லாளிகள் என் ஆட்கள் அத்தனை பேரையும் சாய்த்துவிட்டார்கள். ஃபோர்ஜிங் போட்டதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ‘காலாட்படைக்கு அப்கிரேடு போடுவது தண்டம், குதிரைக்குப் போடு’ என்கிறான் அவன். சரிதானா? அப்புறம், புதிய பதிப்பில் திராவிடர்கள் என்ற நாட்டுக்கு ஊட்ஸ் ஸ்டீல் என்று ஒன்று வருகிறதே, நிஜத்தில் அப்படி ஓர் எஃகு இருந்ததா?

ஒரு வாசகர், பள்ளத்தூர்

*

அன்புள்ள தம்பி,

வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சண்டையில் வித்தியாசம் இல்லவே இல்லை.

இந்த ஆட்டத்தில் அடிப்பவனின் தாக்குதல் எண்ணிலிருந்து அடி வாங்குபவனின் கவச எண்ணைக் கழித்தால் ஓர் அடியின் சேதம் வந்துவிடும். கவசம் எவ்வளவு இருந்தாலும் குறைந்தது 1 உண்டு. உங்கள் மேன்-அட்-ஆர்ம்ஸின் தாக்குதல் 6. வில்லாளியின் உயிர் 30, வாள்வெட்டுக்கு எதிரான கவசம் 0. ஐந்து வெட்டில் விழுவான். ஃபோர்ஜிங் போட்டால் தாக்குதல் 7 ஆகும். நான்கு வெட்டுக்கு 28தான், வில்லாளிக்கு இன்னும் 2 உயிர் மிச்சம். ஐந்தாவது வெட்டு அப்போதும் வேண்டும். 150 உணவு செலவழித்தும் ஒரு வெட்டுகூடக் குறையவில்லை.

அதே பிளாக்ஸ்மித்தில் காலாளின் முதல் கவசமான ஸ்கேல் மெயில் 100 உணவுக்குக் கிடைக்கிறது. வில்லாளியின் தாக்குதல் 4, அம்புக்கு எதிரான உங்கள் ஆளின் கவசம் 1, உயிர் 45. அம்புக்கு 3 சேதம் என்று 15 அம்பில் ஆள் காலி. ஸ்கேல் மெயில் போட்டால் சேதம் 2 ஆகிவிடும், அப்போது 23 அம்பு வேண்டும். ஆளுக்கு எட்டு அம்பு கூடுதல் என்றால் எட்டுப் பேருக்கு 64. ஓடிப்போய் வில்லாளியை எட்டிப்பிடிக்க வேண்டிய காலாளுக்கு அந்த நேரம்தான் உயிர். எதிரி ஃபிளெட்சிங் போட்டிருந்தால் அம்பின் பலம் 5. ஸ்கேல் மெயில் இல்லாவிட்டால் 12 அம்பு, இருந்தால் 15. ஆக, எதிரே வில்லாளி என்றால் காலாட்படைக்குக் கவசம்தான் முதலில். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அதற்காக ஃபோர்ஜிங்கைத் தள்ளிவிட வேண்டாம். அந்த எட்டுப் பேரை வில்லாளிகள் பக்கம் விடாமல் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்யும் கிராமத்தார்மேல் விட்டிருந்தால் கதையே வேறு. கிராமத்தானுக்கு உயிர் 25. தாக்குதல் 6 என்றால் ஐந்து வெட்டு, 7 என்றால் நான்கு. கிராமத்தாருக்கான லூம் என்ற மேம்பாட்டைப் போட்டிருந்தால் உயிர் 40, கவசம் 1. எட்டு வெட்டு ஏழாகிறது. டவுன் சென்டருக்குள் ஓடி ஒளிவதற்கு முன் விழும் அந்த ஒரு வெட்டில் ஆட்டம் திரும்பியதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதைவிட எனக்குப் பிடித்த கணக்கு பைக்மேன் என்ற ஈட்டிக்காரன் விஷயம். அவனுடைய சொந்தத் தாக்குதல் வெறும் 4, ஆனால் குதிரைப்படைக்கு எதிராக 22 தனியாகச் சேரும். குதிரைவீரனான நைட்டின் உயிர் 100, கவசம் 2. அந்தக் கவசம் 4-லிருந்துதான் கழியும், 22-ஐத் தொடாது. எனவே ஒரு குத்துக்கு 24. நான்கு குத்துக்கு 96 ஆகி, நைட் 4 உயிரோடு நின்று அடித்துக்கொண்டிருப்பான். ஃபோர்ஜிங் இருந்தால் குத்துக்கு 25, நாலாவது குத்தில் சரியாக 100. ஈட்டிக்காரன் ஏறக்குறைய மூன்று வினாடிக்கு ஒரு முறைதான் குத்துவான், நைட்டோ அதைவிட வேகமாக அடிப்பான். அதனால் ஒரு குத்து மிச்சமானால் ஓர் ஆள் பிழைக்கிறான் என்றே சொல்லலாம். ஆனால் எதிரி குதிரைக்கு முதல் கவசத்தைப் போட்டுவிட்டால் 25 மறுபடி 24 ஆகி, ஐந்து குத்துக்கே திரும்பிவிடுவீர்கள். அப்போது அடுத்த தாக்குதல் மேம்பாடான அயர்ன் காஸ்டிங் போட்டே தீர வேண்டும். எதிரியின் ஆளை ஒருமுறை கிளிக் செய்து பாருங்கள், என்ன அப்கிரேடு ஏறியிருக்கிறது என்று அவன் எண்களிலேயே தெரியும்.

சித்தப்பா மகன் சொன்னதில் ஒரு பிசகு இருக்கிறது. கவசம்தான் காலாளுக்குத் தனி, குதிரைக்குத் தனி. தாக்குதலைக் கூட்டும் ஃபோர்ஜிங், அயர்ன் காஸ்டிங், பிளாஸ்ட் ஃபர்னஸ் மூன்றும் இரண்டு படைக்கும் பொது. காலாளுக்காகப் போட்டது பிற்பாடு நைட் இறக்கும்போதும் கைகொடுக்கும். அதைத் தண்டம் என்று எப்படிச் சொல்வது?

கடைசி மேம்பாடான பிளாஸ்ட் ஃபர்னஸைப் பலர் விலையைப் பார்த்துத் தள்ளிப்போடுகிறார்கள். 275 உணவும் 225 தங்கமும் ஆகும்தான். ஆனால் அது ஒரே தாவலில் 2 கூட்டுகிறது. எதிரே எலீட் டியூட்டானிக் நைட் (பெயரில் நைட் இருந்தாலும் காலாள்தான்) கடைசிக் கவசமான பிளேட் மெயில்வரை எல்லாம் போட்டு நிற்கிறான் என்று வையுங்கள். கவசம் 13, உயிர் 100. வாள்வீரரின் உச்ச நிலையான சாம்பியனுக்கு அடிப்படைத் தாக்குதல் 13, முதல் இரண்டு மேம்பாட்டோடு 15. அடிக்கு 2 வீதம் 50 அடி! பிளாஸ்ட் ஃபர்னஸும் இருந்தால் 17. அடிக்கு 4, அதாவது 25 அடி. எதிரியின் கவசம் ஏற ஏற உங்கள் ஒவ்வொரு புள்ளியும் கனம் கூடிக்கொண்டே போகும்.

இங்கேதான் ஊட்ஸ் ஸ்டீல் வருகிறது. 2022-ல் இந்த ஆட்டத்தின் கூடுதல் தொகுப்பாக வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாவில் திராவிடர்களுக்கு உரிய தனித் தொழில்நுட்பம் அது. காலாட்படையும் குதிரைப்படையும் எதிரியின் கவசத்தையே கணக்கில் எடுக்காமல் அடிக்கும். வேறொரு நாட்டுச் சாம்பியன் 50 அடி அடித்துச் சாய்க்கும் அந்த இரும்பு மலையை, பிளாக்ஸ்மித் பக்கமே போகாத திராவிடச் சாம்பியன் 13, 13 என்று எட்டே அடியில் சாய்ப்பான்.

நிஜத்தில் எந்த வாளுக்கும் அப்படி ஒரு சக்தி கிடையாது. ஆனால் எஃகு நிஜம். இரும்பைக் கட்டை, இலைதழையோடு மண்மூசையில் வைத்து அடைத்து நெடுநேரம் உருக்கி, அதில் கரிமத்தை ஏற்றினார்கள். சேலம் பக்கத்து எஃகுக்குப் பெயர் இருந்தது. கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்திருக்கின்றன. மேற்காசியா வரைக்கும் ஏற்றுமதியானது. 1795-ல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். மைக்கேல் ஃபாரடே இதன் ரகசியம் தேடி ஆய்வுகள் செய்தார். நம் கொல்லர்கள் மண் உலையில் செய்ததை ஐரோப்பாவின் பெரிய மூளைகள் உட்கார்ந்து ஆராய்ந்தன என்பதில் எனக்குப் பெருமைதான்.

ஆட்டத்துக்குத் திரும்பினால், திராவிடர்களை எடுத்தாலும் உங்கள் பிரச்சினை அப்படியேதான் இருக்கும். வில்லாளிக்கு இருப்பதே சொற்பக் கவசம், ஊட்ஸ் ஸ்டீல் அங்கே பெரிதாக எதையும் கழிக்காது. அவன் அம்பு உங்கள் ஆளைத் துளைப்பதையும் அது தடுக்காது. சித்தப்பா மகன் மறுபடி வில்லாளிகளோடு வந்தால் ஸ்கேல் மெயிலை முதலில் போடுங்கள்.