35 அங்குல டயர், கேம்பர் டிரெய்லர், மலைப்பாதை: ஆக்சில் ரேஷியோ எது சரி?

கேள்வி: என்னிடம் இருப்பது 2019 ராம் 1500 பிக்கப், 5.7 லிட்டர் ஹெமி (பெட்ரோல் எஞ்சின்), 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ். ஆக்சில் ரேஷியோ 3.21, டயர் 275/65ஆர்18. 35 அங்குல டயர் போட்டு, 6,000 பவுண்டு கேம்பரை டென்வரிலிருந்து மலைக்கு இழுத்துப் போக ஆசை. ரேஷியோவை 3.92 ஆக்க வேண்டுமா? (கொலராடோ வாசகர்)

பதில்: 35 அங்குல டயர் உறுதி என்றால் மாற்றத்தான் வேண்டும். டயர் இப்போதிருப்பதே போதுமென்றால் அவசரப்பட்டுச் செலவு செய்யாதீர்கள்.

3.21 என்றால் கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.21 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றுகிறது. எண் கூடினால் இழுவை கூடும், அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுழலும். டயர் பெரிதானால் இதற்கு நேர் எதிராக நடக்கும். இப்போதுள்ள டயரின் விட்டம் 32 அங்குலம். 35 போட்டதும் உங்கள் 3.21, இழுவையில் 2.93 போலாகிவிடும் (3.21 × 32 ÷ 35). 3.92 போட்டால் அதே டயரில் 3.58 கிடைக்கும். அதாவது 32 அங்குல டயரோடு 3.55 ஆக்சில் உள்ள வண்டி போல ஓடும்.

எஞ்சின் வேகத்தைக் கணக்கிட, மணிக்கு எத்தனை மைல் என்பதை 336, ஆக்சில் ரேஷியோ, கியர் ரேஷியோ மூன்றாலும் பெருக்கி, டயர் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுக்க வேண்டும். உங்கள் எட்டாவது கியர் 0.67. 65 மைல் வேகத்தில் இப்போது எஞ்சின் சுமார் 1,470 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,470 சுற்று) ஓடுகிறது. 35 அங்குல டயரில் அது 1,340-க்கு இறங்கும். ரேஷியோவையும் 3.92 ஆக்கினால் 1,640. டிரெய்லர் இழுக்கும்போது ஹெமிக்கு 1,340 மிகவும் குறைவு. அதன் உச்ச டார்க் (சுழற்றும் விசை) வருவதோ 3,950-இல். பெட்ரோல் மிச்சமாகும் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டாவது கியரில் நிற்க முடியாமல் கியர்பாக்ஸ் ஏழுக்கும் எட்டுக்கும் மாறி மாறித் தாவும், ஆயில் சூடாகும்.

ஏற்றத்தில் எட்டு கியர் இருப்பது பெரிய உதவி. 3.21-இல் இழுக்காவிட்டால் கியர்பாக்ஸ் ஒரு கியர் இறங்கி ஈடுகட்டும். ஆனால் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் கீழே இறங்கக் கியர் கிடையாது. கேம்ப் தளத்தின் சரிவில் டிரெய்லரைப் பின்னோக்கி ஏற்றும்போது டார்க் கன்வெர்ட்டரில் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பாகம்) சூடு ஏறுவது இதனால்தான். 35 அங்குல டயரும் 3.21-உம் சேர்ந்தால் அங்கே மிகவும் சிரமப்படுவீர்கள். உங்கள் பாதையில் உயரமும் ஒரு பிரச்சினை. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது. அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி போயிருக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள்: ரேஷியோவை மாற்றினாலும் கம்பெனி நிர்ணயித்த இழுவை எடை கூடாது. பிரேக், சஸ்பென்ஷன், ஆக்சில் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எடை அளவுகளையும், உங்கள் விஐஎன் எண்ணுக்கான (வண்டியின் அடையாள எண்) இழுவை அளவையும் பாருங்கள். 6,000 பவுண்டு என்பது காலி எடையா, தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றிய எடையா என்று எடைமேடையில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். நிறைய பேர் தவறுவது இங்கேதான்.

வேலையைத் தொடங்குமுன் உள்ளே இருப்பது 3.21 தானா என்று உறுதி செய்யுங்கள். பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இது மிக அவசியம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போடுங்கள். பார்க்கிங் பிரேக் விட்டிருக்க வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) என்றால் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து, மற்றதை இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கையே ரேஷியோ. இரண்டு சக்கரமும் ஒரே திசையில் சேர்ந்து சுற்றினால் ஒரு சுற்றே போதும்.

ஃபோர் வீல் டிரைவ் என்பதால் முன், பின் இரண்டு ஆக்சிலிலும் கிரௌன் பினியனை (ரேஷியோவைத் தீர்மானிக்கும் பல்சக்கர ஜோடி) மாற்றியாக வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீலில் போட்டால், காய்ந்த தார்ச்சாலையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) இறுகி உடைந்துபோகும்.

கூலியில் மிச்சம் பிடிக்காதீர்கள். பினியன் ஆழம், பேரிங் பிரீலோட் (பேரிங்கை முன்கூட்டியே இறுக்கும் அளவு), பல் இடைவெளி மூன்றும் அளந்து வைக்கப்பட வேண்டும். இடைவெளி பொதுவாக 0.006 முதல் 0.010 அங்குலம், துல்லியமான அளவு அந்தந்த ஆக்சிலின் கையேட்டில் இருக்கும். பல்லில் மஞ்சள் பேஸ்ட் தடவி, பற்கள் எங்கே உரசுகின்றன என்று எடுத்த பதிவின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். பினியன் ஆழம் தவறினால் குறிப்பிட்ட வேகத்தில் ஊளைச் சத்தம் வரும், அது தானாகப் போகாது. வண்டியின் கம்ப்யூட்டரில் புதிய ரேஷியோவையும் டயர் அளவையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். டயர் அளவு பதிவாகாவிட்டால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 65-ஐத் தாண்டி ஓடும்.

முதல் ஓட்டம் 15, 20 மைல் நிதானமாகப் போய்விட்டு, அரை மணி நேரம் ஆற விடுங்கள். அதையே சிலமுறை செய்யுங்கள். முதல் 500 மைலுக்கு டிரெய்லர் கூடாது. பிறகு டிஃபரன்ஷியல் ஆயிலை மாற்றுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருந்தால் இயல்பு. விரலில் குத்தும் சில்லு தென்பட்டால் வண்டியை ஓட்டாமல், மாற்றிக் கொடுத்த கடைக்கே இழுத்துக்கொண்டு போங்கள்.